குங்குமம் வைத்த மெயின் போர்டு

யசோதாவின் எம்பிராய்டரி மெஷினுக்கு ஆறு தலை. ஆடி ஐந்தாம் தேதி பிற்பகல் மின்சாரம் போய், மூன்று நிமிடம் கழித்து, தேவைக்கு மேல் திரும்பி வந்தது. ஆறு தலையும் ஒன்றாக நின்றன. ரவிக்கைக் கழுத்தில் மயிலின் கொண்டை மட்டும் தைத்து முடிந்திருந்தது. மீதி மயில் மெஷினின் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அங்கிருந்து கருகிய வாடை வந்தது.

ஆந்திர எல்லை ஊரான நகரியில் அந்தத் தெருவில் விசைத்தறிகள் ஓயாமல் சத்தம் போடும். ஒரு மெஷின் நின்றுபோனது தெருவுக்குத் தெரியாது. வீட்டுக்குள் யசோதா, அவளிடம் வேலை செய்யும் காஞ்சனா, யசோதாவின் கணவன் கோவர்த்தனன் மூவரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். கோவர்த்தனனுக்குப் பால் சேகரிக்கும் மையத்தில் கேன் ஏற்றும் வேலை. காலை எட்டு மணிக்கே முடிந்துவிடும். அதனால் வீட்டில் அலைய வேண்டிய காரியம் எதுவானாலும் அது அவனுடையது.

புத்தூர் ஜவுளிக்கடைக்காரர் கங்கையா இருநூற்று நாற்பது ரவிக்கைத் துண்டுகளைக் கொடுத்திருந்தார். எல்லாம் கல்யாண ரவிக்கை. செய்தி தெரிந்ததும் போன் செய்தார்.

"யசோதாம்மா, ஆவணி இருபத்தி மூணு முகூர்த்தம். இருபதாந்தேதி பொழுது சாயறதுக்குள்ள கடைக்கு வந்துரணும். வரலன்னா இன்னா ஆவும் தெரியுமா?"

"தெரியும்ணா."

"தெரிஞ்சாலும் சொல்றேன். திருப்பதியில ஒரு பார்ட்டி பன்னெண்டு தலை மெஷினு வெச்சிக்கினு கேட்டுக்கினே கீறான். இந்த ஆர்டர் மட்டும் இல்ல, கடை வேலை மொத்தமும் அவனுக்குப் பூடும். அப்பறம் என்ன கொற சொல்லக் கூடாது."

ஒரு தலை நாளுக்கு எட்டு ரவிக்கை தைக்கும். ஆறு தலைக்கு நாற்பத்தெட்டு. இருநூற்று நாற்பதுக்கு ஐந்து நாள். யசோதா இதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. இருபதாம் தேதிக்கு முன்னால் மெஷின் முழுசாக ஐந்து நாள் ஓடினால் போதும்.

சித்தூரிலிருந்து மெக்கானிக் அருள்குமார் வந்தான். மூடியைக் கழற்றினான். கையை வைக்காமல் முகர்ந்து பார்த்தான்.

"மெயின் போர்டு பூட்ச்சிக்கா."

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"வாசனையே சரியில்ல."

மெஷினை விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால், அந்த மாடலுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்றார்கள். மெஷினுக்கு வயது எட்டு. ஒன்பது லட்சத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளும்படி ஒரு பெண், துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னாள்.

அருள்குமார் தன் போனில் ஒரு வெளிநாட்டுக் கடையைக் காட்டினான். அதே போர்டு, வெள்ளைத் துணிமேல், பளபளவென்று. நூறு சதவீதம் புதியது என்று எழுதியிருந்தது. விலை பதினோராயிரத்து நானூறு. அனுப்பும் கூலி மூவாயிரத்துத் தொள்ளாயிரம். பணம் கட்டும்போது பேங்க் இரண்டு முறை மறுத்தது. மூன்றாம் முறை கோவர்த்தனனைப் போனில் கூப்பிட்டு, அவன்தான் கோவர்த்தனனா என்று கேட்டது. ஆமென்றதும் டாலர் மாற்றியதற்கு ஒரு கட்டணமும், அந்தக் கட்டணத்துக்கு ஒரு வரியும் எடுத்துக்கொண்டது.

விற்பவளின் பெயர் லில்லி. மறுநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. அருள்குமார் அதைத் தமிழாக்கிக் காட்டினான்: "அன்பு நண்பரே, உங்களுக்கு வரி வராதபடி பெட்டிமேல் எழுதிவிட்டேன். எனக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள்."

யாரும் இதை அவளிடம் கேட்கவில்லை. அவளாகச் செய்த உதவி.

சீனாவிலிருந்து திருப்பதிக்குப் பெட்டி ஒன்பது நாளில் வந்தது. திருப்பதியிலிருந்து நகரிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர்தான்.

*

பெட்டிக்கு வரி போடும் அயல்நாட்டுச் சிறுபொதிகள் சீராய்வு மையம் திருப்பதிக்கு வெளியே, ரேணிகுண்டா சாலையில் இருந்தது. திறப்பு விழாவில் வெட்டிய ரிப்பன் இன்னமும் கதவின் இரண்டு பக்கமும் தொங்கியது. கூடத்தில் நாற்பது நாற்காலிகள். மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பல நாட்கள் ஒன்றாகக் காத்திருப்பவர்களுக்கு வரும் அமைதி அது. புதிதாக வந்த கோவர்த்தனனுக்கு ஒரு கிழவர் சற்று நகர்ந்து இடம்விட்டார், ஆஸ்பத்திரியில் விடுவதுபோல.

கண்காணிப்பாளர் சிரஞ்சீவி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு காகிதத்தை வாசித்தார்.

"பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"எந்தப் பிள்ளைக்கு சார்?"

"பொம்மை யாருக்கு வந்திருக்கோ, அந்தப் பிள்ளைக்கு." பெட்டியின் மேல் சீட்டைக் காட்டினார். 'பரிசு. பொம்மை. ஐந்து டாலர்.'

"பொம்மை இல்ல சார். மெஷின் போர்டு. எனக்கு ஒரே பையன். ஓசூர்ல வேலை செய்றான். இருபத்தி நாலு வயசு."

சிரஞ்சீவி 'இருபத்து நான்கு' என்று எழுதிக்கொண்டார். "இது பெரிய வயசு. பதினாலுக்கு மேல போனா தனிக் குறிப்பு வைக்கணும். சரி, பொம்மையில கூர்மையான பாகம் ஏதாவது இருக்கா? வாயில வெச்சா முழுங்கிடுமா?"

"சார், அது பொம்மையே இல்ல."

சிரஞ்சீவி பேனாவை மூடினார்.

"சூடண்டி, இங்க பாருங்க கோவர்த்தனன் காரு. இவ்ளோ நேரம் நீங்க நல்ல நிலைமையில இருந்தீங்க. பொம்மைன்னா சான்றிதழ் ஒண்ணுதான். பொம்மை இல்லன்னா, பொய்யா எழுதினது யாரு?"

"லில்லி சார்."

"லில்லியக் கூட்டிக்கினு வாங்க."

"அவங்க சீனாவுல கீறாங்க சார்."

"அப்போ நீங்க விளக்கக் கடுதாசி எழுதுங்க. மூணு காப்பி." கதவு வரை வந்து தோளைத் தட்டினார். "பயப்படாதீங்க. இந்த மையம் திறந்ததுல இருந்து ஒரே ஒரு பெட்டியக்கூட நாங்க நிராகரிச்சது இல்ல. நூத்துக்கு பூஜ்யம். ஏன்னா, நிராகரிக்கணும்னா முடிவெடுக்கணும் பாருங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் அடக்கமான பெருமை இருந்தது.

*

பெட்டியைத் திறந்து பார்க்க ஆடி இருபத்தொன்பதாம் தேதி குறித்தார்கள். தொழில் யசோதாவின் பெயரில் இருந்ததால் அவளும் வர வேண்டும். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். கூடத்திலிருந்து அந்தக் கிழவரையும், கோவர்த்தனனையே இன்னொரு சாட்சியாகவும் வைத்துக்கொண்டார்கள்.

கத்தியால் நாடாவை அறுத்தார்கள். குமிழ்த்தாளைப் பிரித்தார்கள். உள்ளே போர்டு இருந்தது. பச்சை நிறம், படத்தில் பார்த்த அதே பளபளப்பு. ஆனால் மூலையில், திருகு போடும் ஓட்டைக்குப் பக்கத்தில், காய்ந்த சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

யசோதா அதைப் பார்த்தாள். யோசிக்காமல் கையை நீட்டி, விரல் நுனியால் அதைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னாமே பண்ற!" என்றான் கோவர்த்தனன்.

"பொட்டு வெச்சிருக்குதுய்யா."

அவள் வாழ்நாளில் பொட்டு வைத்த எதையும் தொட்டால் கண்ணில் ஒற்றாமல் இருந்ததில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த கத்தரிக்கோல், தறி, பஸ்ஸின் முன்கண்ணாடி எல்லாவற்றுக்கும் அதுதான். கை தானாகப் போய்விடும்.

சிரஞ்சீவி மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் காலணியைக் கழற்றினார். எழுத்தர் பேனாவை நிமிர்த்தி எழுதினார்: 'பொதி திறக்கப்பட்டபோது இறக்குமதியாளர் பொருளை வணங்கினார்.'

"நம்ம பக்கத்து போர்டுதான்யா இது," என்றாள் யசோதா. அவள் முகம் சிவந்திருந்தது. "சேலத்துலயோ ஈரோட்டுலயோ யாரோ பூஜை போட்ட மெஷின்ல இருந்தது. பழசுன்னு எடைக்குப் போட்டிருக்கான். அது கப்பலேறிப் போய், தொடச்சி, புதுசுன்னு நம்ம தலையிலயே கட்டிட்டாளே அந்தப் பொம்பள!"

லில்லிக்குப் படம் அனுப்பினார்கள். உடனே பதில் வந்தது: "அன்பு நண்பரே, சிவப்புப் புள்ளி தரப் பரிசோதனையில் தேர்ச்சி பெற்றதன் அடையாளம். ஐந்து நட்சத்திரத்தை மறக்க வேண்டாம்."

மையம் லில்லியை நம்பவில்லை. யசோதாவையும் நம்பவில்லை. இரண்டு முடிவுகளுக்கு வந்தது. பொருள் பழையது, ஆகவே பட்டயப் பொறியாளர் ஒருவரின் சான்று தேவை. பொருள் வணங்கப்பட்டது, ஆகவே அது வழிபாட்டுப் பொருள். இரண்டாவதற்கு ஆதாரம் கோப்பிலேயே, எழுத்தரின் கையெழுத்தில் இருந்தது.

"சார், ஏதோ பழக்கத்துல தொட்டுட்டேன்," என்றாள் யசோதா.

"பழக்கம்தானம்மா பக்தி," என்றார் சிரஞ்சீவி.

*

ஆவணி ஒன்றாம் தேதி கோவர்த்தனன் சித்தூர் போனான். அருள்குமார் பொறியாளர் ஒருவரைத் தேடி வைத்திருந்தான். மையத்தின் பட்டியலில் பெயர் இருக்கும் பொறியாளர் மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் உறுதிச் சான்று கொடுப்பவர். போனில் போர்டின் படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கிப் பார்த்தார்.

"எத்தனை மாடி?" என்றார் பழக்கத்தில். பிறகு தானே சிரித்துக்கொண்டார்.

நாலாயிரம் வாங்கிக்கொண்டு கொடுத்த சான்றில், மேற்படி அமைப்பில் விரிசலோ சாய்வோ காணப்படவில்லை என்றும், மழைநீர் கசியவில்லை என்றும், இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் பாரம் தாங்கும் என்றும் இருந்தது. மையம் அதை ஒரு சொல்லும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. கோவர்த்தனன் தந்த காகிதங்களில் அது ஒன்றுதான் முதல் முறையிலேயே ஏற்கப்பட்டது.

மறுநாள் போர்டை எடுத்து மதிப்புப் போடுவதாகச் சொன்னார்கள். மறுநாள் போனான். கிடங்குக் காப்பாளரின் பங்காளி வீட்டில் சாவு. பத்து நாள் தீட்டு.

"இதுக்கும் அதுக்கும் இன்னா சார்?" என்றான்.

"நாங்க ஒண்ணும் சொல்லல, அவரேதான் சொல்றாரு," என்றார் சிரஞ்சீவி தணிந்த குரலில். "மத்த பெட்டிய எல்லாம் எடுத்துக் குடுத்துக்கினுதான் கீறாரு. உங்க பொருளு வழிபாட்டு வகை ஆச்சே. தீட்டுல தொடலாமா? நாளைக்கு உங்க மெஷின் நின்னு போனா எங்களத்தான் சொல்லுவீங்க."

"மெஷினு ஏற்கெனவே நின்னுதான் சார் கெடக்குது."

"பாத்தீங்களா," என்றார் சிரஞ்சீவி.

கம்பி வலைக்கு அப்பால் கிடங்கு தெரிந்தது. மற்றப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. போர்டுக்கு மட்டும் தனி அலமாரித் தட்டு. கீழே ஒரு பலகை: 'இங்கே செருப்புடன் நிற்காதீர்.' கோவர்த்தனன் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தினமும் வாடகை இருநூற்றைம்பது என்பது மட்டும் தெரிந்தது. அதை அந்தத் தட்டின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பத்து நாளும் நகரியில் யசோதா, ரவிக்கைத் துண்டுகளைச் சட்டத்தில் மாட்டிப் பிரித்து, மாட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். காஞ்சனாவை ஒரு செருப்புக் கம்பெனி வேனில் வந்து கூப்பிட்டார்கள்.

"போறதுன்னா போடி," என்றாள் யசோதா.

"இருக்கா. இருபதாந்தேதி வரைக்கும் பாக்கறேன்," என்றாள் காஞ்சனா.

*

ஆவணி பதின்மூன்றாம் தேதி துணை இயக்குநர் பத்மாவதி விசாரணைக்கு அழைத்தார். நல்ல பட்டுப் புடவை. மேசையில் துளசிச் செடி. குரலில் கருணை இருந்தது. சிரஞ்சீவி ஓரமாக நின்றார்.

"உங்க கோப்ப முழுசாப் படிச்சேன்," என்றார். "எனக்கே மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. முதல்ல, இது நூறு வருஷத்துக்கு மேல பழசு இல்லைன்னு நீங்க நிரூபிக்கணும். வழிபாட்டுப் பொருள்னா அது சட்டம்."

"போர்டுலயே 2015ன்னு போட்டிருக்குதே மேடம்," என்றாள் யசோதா.

"அது அச்சடிச்சதும்மா. அச்சடிச்சத எல்லாம் நம்ப முடியுமா? நாங்களும்தான் 'ஏழு நாளில் சேவை'ன்னு வாசல்ல அச்சடிச்சு வெச்சிருக்கோம்." சற்று நிறுத்தினார். "ஆனா உங்க கஷ்டத்தப் பாத்து அந்த நிபந்தனைய நான் தளர்த்திட்டேன். மதிப்பு மட்டும் போட்டிருக்கோம். தொண்ணூத்தி நாலாயிரம்."

"நாங்க குடுத்தது பதினோராயிரத்து நானூறு மேடம். ரசீது கையில கீது."

"அது நீங்க குடுத்த விலை. விலை வேற, மதிப்பு வேற. விலைங்கறது உங்களுக்கும் விக்கிறவங்களுக்கும் நடுவுல. மதிப்புங்கறது எங்களுக்கும் பொருளுக்கும் நடுவுல." காகிதத்தைத் திருப்பினார். "அதுக்கு மேல, வழிபாட்டுச் சிறப்புக்கு நாற்பது சதவீதம். பக்திக்கு விலையே கிடையாதும்மா, எங்களுக்கும் தெரியும். அதனாலதான் நாற்பதோட நிறுத்திக்கிட்டோம்."

வரி நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபது. பொம்மை என்று எழுதியதற்கு அபராதம் ஐயாயிரம். கிடங்கு வாடகை ஆறாயிரத்து இருநூற்றைம்பது. மொத்தம் ஐம்பத்து மூவாயிரத்து நூற்றுப் பத்து.

கோவர்த்தனன் பத்மாவதியைப் பார்த்தான். துளசிச் செடியைப் பார்த்தான். எதையோ கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"கேளுங்க," என்றார் பத்மாவதி அன்பாக. "ஜனங்க பேசணும். நாங்க கேக்கறதுக்குத்தான் இருக்கோம். பதில் சொல்றது வேற செக்ஷன்."

*

வெளியே டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். டீ ஆறிப்போனது.

பக்கத்து பெஞ்சில் ஒருவன் பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தான். சித்தூர்க்காரன், பெயர் பழனி. பழைய எலெக்ட்ரானிக் சாமானை எடைக்கு எடுப்பவன். வாரத்தில் மூன்று நாள் இந்தக் காம்பவுண்டில்தான் அவனுக்கு வேலை.

"எவ்ளோ போட்டாங்கக்கா?" என்றான்.

யசோதா காகிதத்தை நீட்டினாள். அவன் பார்த்துவிட்டுத் தலையாட்டினான், டாக்டர் சீட்டைப் பார்க்கும் மருந்துக்கடைக்காரன் போல.

"கட்டாதீங்க. உங்களுதுன்னு இருக்கிற வரைக்கும் அது நவுராது. 'எனக்கு வாணாம், கவர்மெண்டே எடுத்துக்கோ'ன்னு ஒரு ஃபாரம் கீது. அத எழுதிக் குடுங்க. நாளா மறுநாளு தூய்மை நாளு. சொந்தக்காரன் இல்லாத சாமான் அத்தினியும் கிலோ கணக்குல என்கிட்டதான் வரும்."

"நாங்களே ஏலம் எடுக்க முடியாதா?" என்றான் கோவர்த்தனன்.

"பழைய சொந்தக்காரன் எடுக்கக் கூடாது. அதுக்கு ரூல் கீது. என்கிட்ட வாங்கக் கூடாதுன்னு ரூல் இல்ல."

"உனக்கு எவ்ளோ?"

"ரெண்டாயிரம்."

"ஆயிரத்தி ஐநூறு," என்றாள் யசோதா.

"சரி, உங்களுக்கோசரம்," என்றான் பழனி, இட்லிப் பொட்டலத்தை மடித்தபடி.

கோவர்த்தனன் தயங்கினான். "பணம் குடுத்து வாங்கினத வாணாம்னு எழுதிக் குடுக்கறதாமே?"

"இன்னிக்குப் பதிமூணு," என்றாள் யசோதா. "பதினைஞ்சு ராத்திரிக்குள்ள போர்டு மாட்டினா அஞ்சு நாளு கெடைக்கும். வேற கணக்கு எனக்குத் தெரியாது. எந்திரி."

உள்ளே போய்ச் சொன்னபோது சிரஞ்சீவி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவர்களைப் பார்த்தார். அந்த மையத்தில் ஒரே பக்கத்தில் முடிகிற படிவம் அது ஒன்றுதான். ஒரே காப்பி. சாட்சி வேண்டாம். யசோதா கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடுவதற்குள் முத்திரை விழுந்தது.

உடனே கிடங்கில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. தீட்டுக் கழிந்து வந்திருந்த காப்பாளர் செருப்புக்காலோடு உள்ளே போனார். 'செருப்புடன் நிற்காதீர்' பலகையைக் கழற்றினார். போர்டை ஒரு விரலில் தொங்கவிட்டு எடுத்து வந்து, பழைய மோடங்களும் அறுந்த சார்ஜர்களும் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டார். பெட்டியின்மேல் 'கழிவு, மின்னணு, கலப்பு' என்று எழுதினார்.

யசோதாவின் கை தன்னை அறியாமல் முன்னால் போனது. கோவர்த்தனன் அதைப் பிடித்துக்கொண்டான்.

*

ஆவணி பதினைந்து, தூய்மை நாள். முற்றத்தில் பந்தல், மேடை, 'தூய்மையும் துரிதமும்' என்று துணிப் பதாகை. நகரியில் அருள்குமார் திருப்புளியோடு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஐந்து மணி பஸ்ஸுக்கு அவன் சித்தூர் திரும்ப வேண்டும், மறுநாள் குப்பத்தில் வேலை. நகரி பஸ் பன்னிரண்டு நாற்பதுக்கு. அதை விட்டால் மூன்று மணிக்கு.

பதினொன்றரைக்குத் தராசு வந்தது. பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். பதினோரு கிலோ. சிரஞ்சீவி அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மதிப்புப் போட்டார். கிலோ முப்பத்தெட்டு ரூபாய்; நானூற்றுப் பதினெட்டு.

கோவர்த்தனனால் பொறுக்க முடியவில்லை. "சார், முந்தாநேத்து அது ஒண்ணுக்கே தொண்ணூத்தி நாலாயிரம் போட்டீங்களே."

"முந்தாநேத்து அது ஒரு பொருளு," என்றார் சிரஞ்சீவி பொறுமையாக. "இன்னிக்கு அது எங்க எடத்த அடைச்சிக்கினு இருக்கிற ஒண்ணு."

பழனி பணத்தைக் கட்டி ரசீது வாங்கினான். பெட்டியைத் தூக்கப் போனான். வாயில் காவலர் தடுத்தார். விழா முடியும்வரை எதுவும், யாரும் வெளியே போகக் கூடாது. போட்டோவில் கூட்டம் தெரிய வேண்டும். மணி பன்னிரண்டு ஐந்து.

பத்மாவதி மைக்கின் முன்னால் வந்தார்.

"இன்னைக்கு ஒரு விஷயத்தப் பெருமையாச் சொல்லணும். இங்க ஒரு குடும்பம் வந்திருக்காங்க. அவங்க பொருள் இருபத்தஞ்சு நாள் நம்மகிட்ட இருந்துச்சு. நாம எவ்வளவோ முயற்சி பண்ணோம். கடுதாசி எழுதினோம், சான்று கேட்டோம், விசாரணை வெச்சோம். அசைக்க முடியல. ஆனா அவங்க பெருந்தன்மையா உரிமைய விட்டுக் குடுத்தாங்க. நாப்பத்தெட்டே மணி நேரம்! எடை போட்டு, ஏலம் விட்டு, ரசீது குடுத்து, முடிச்சிட்டோம். இதுல இருந்து நாம என்ன தெரிஞ்சுக்கறோம்? நம்ம ஊழியர்கள் சோம்பேறிங்க இல்ல. பொருளுக்கு உரிமையாளர் இருக்கறதுதான் தாமதத்துக்குக் காரணம். வர்ற பெட்டி எல்லாமே உரிமையாளர் இல்லாம வந்தா, இந்த மையம் நாட்டுலயே முதலிடம் பிடிக்கும்னு நான் உறுதியாச் சொல்றேன்."

ஊழியர்கள் கைதட்டினார்கள். கூடத்தில் வழக்கமாகக் காத்திருக்கும் கிழவரும் தட்டினார்.

"அந்தக் குடும்பத்தோட கருத்த இப்போ கேப்போம். கோவர்த்தனன் காரு, மேடைக்கு ரண்டி."

கோவர்த்தனன் யசோதாவைப் பார்த்தான். அவள் வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலர் அங்கே நின்றிருந்தார். மணி பன்னிரண்டு இருபது.

"நீ மேல போய்யா," என்றாள் உதட்டை அசைக்காமல். "பஸ் ஏறினதும் கூப்புடறேன். அது வரைக்கும் எறங்காத."

"இன்னா பேசறதுமே?"

"இத்தினி நாளா அவங்க எதுனா பேசினாங்களா?"

அவன் மேடை ஏறினான். மைக்கைப் பிடித்தான். பேசவில்லை.

முதல் நிமிடம் எல்லோரும் புன்னகையோடு காத்திருந்தார்கள். இரண்டாவது நிமிடம் யாரோ இருமினார்கள். சிரஞ்சீவி, "சொல்லுங்க, கூச்சப்படாதீங்க," என்றார். கோவர்த்தனன் தொண்டையைச் செருமினான். மைக்கைச் சற்று உயர்த்தினான். பிறகு பழைய உயரத்துக்கே இறக்கினான். பத்மாவதி, "உணர்ச்சிவசப்பட்டுட்டாரு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். போட்டோக்காரன் கேமராவை இறக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நின்றான். ஐந்தாவது நிமிடத்தில் கூட்டம் முழுவதும் நிமிர்ந்து மேடையைப் பார்த்தது. மயக்கம் போட்டு விழுவானோ என்று வாயில் காவலரும் நாலடி முன்னால் வந்தார்.

அந்த நாலடி போதுமாக இருந்தது. காவலரின் முதுகுக்குப் பின்னால், போர்டு இருந்த கூடையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு யசோதா போவதையும், பின்னால் பழனி போவதையும் மேடையிலிருந்து கோவர்த்தனன் ஒருவன்தான் பார்த்தான்.

அன்று மாலை நாலு மணிக்கு அருள்குமார் கடைசித் திருகை முடுக்கினான். மெஷின் முதல் முறையிலேயே கிளம்பியது. பதினாறிலிருந்து இருபதுவரை அது நின்றது நூல் மாற்றத்தான். இருநூற்று நாற்பது ரவிக்கைகளும் இருபதாம் தேதி மாலை நாலரைக்குப் புத்தூரில் இறங்கின. கங்கையா எண்ணி முடித்து, ஒன்றில் மயிலின் கண் கோணல் என்றார். காஞ்சனா வேனில் போகவில்லை. இவையெல்லாம் பிறகு நடந்தவை. மேடையில் நின்றவனுக்கு அப்போது எதுவும் தெரியாது. மைக் ஈரமாக இருந்தது. முன்னால் நூறு முகங்கள் இருந்தன. அரசாங்கத்தைக் காக்க வைப்பது எவ்வளவு சுலபம் என்பது மட்டும், மெதுவாக, அவனுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

பதினெட்டாவது நிமிடம் சட்டைப்பையில் போன் இரண்டு முறை அதிர்ந்து நின்றது.

"கோவர்த்தனன் காரு," என்றார் பத்மாவதி. கருணை தீர்ந்து போன குரல். "உங்க கருத்து என்னன்னு சொல்லுங்க. எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

கோவர்த்தனன் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்தான்.

"பரிசீலனையில கீதும்மா," என்றான். "முடிவானதும் கடுதாசி வரும்."

படியிறங்கினான். சிரஞ்சீவிதான் முதலில் கைதட்டினார்; அன்றைய பேச்சுகளில் அவருக்கு முழுசாகப் புரிந்தது அது ஒன்றுதான்.